மலைப்பாதையில் ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டிகள்: பிஸ்டன், ரிங் மாற்றுமுன் அறிய வேண்டியவை

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை விட்டு மேலேறும் மலைப்பாதையில் கரியாலூருக்கும் வெள்ளிமலைக்கும் செல்வோர், சிறிய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் இரைந்துகொண்டு ஏறுவதை இன்றும் காணலாம். மரவள்ளிக் கிழங்கு, சாமை, புளி, கடுக்காய் ஆகியவற்றைச் சிறு மூட்டைகளாகக் கட்டி இறக்கவும், உர மூட்டையை மேலே கொண்டு செல்லவும், இரவில் நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் கல்வராயன் மலை உழவர்களுக்கு இவ்வண்டிகள் கைகொடுத்து வந்துள்ளன.

1980-ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தது. பின்னர் அதன் வழியில் 70 சி.சி. எக்ஸ்.எல். வண்டிகள் வந்தன. 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது. பாரத் ஸ்டேஜ் 6 புகை விதிகள் நடைமுறைக்கு வந்த 2020 ஏப்ரலுக்குப் பின் இவ்வகை வண்டிகள் புதிதாக விற்பனைக்கு வருவதில்லை. ஆகவே கையில் இருக்கும் வண்டியைப் பழுது பார்த்துக் காப்பதே வழி. 2015-இல் வெளிவந்த எக்ஸ்.எல். 100 வண்டி ஃபோர் ஸ்ட்ரோக் வகையைச் சேர்ந்தது. இக்கட்டுரையில் கூறும் முறைகள் அதற்குப் பொருந்தா.

ஓர் உழவர் தம் வண்டிக்கு மூன்று ஆண்டுகளில் மூன்று முறை பிஸ்டனும் ரிங்கும் மாற்றினார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் வண்டி சில மாதங்கள் நன்றாக ஓடுகிறது. பிறகு ஒரு நாள் மூட்டையுடன் ஏறும்போது என்ஜின் பிடித்துக்கொண்டு பின்சக்கரம் இறுகி நின்றுவிடுகிறது. பட்டறையில் மீண்டும் பிஸ்டனை மாற்றுகிறார்கள். பிஸ்டன் ஏன் தேய்ந்தது, ஏன் உராய்ந்தது என்று எவரும் பார்ப்பதில்லை. இவ்வாறு செலவழியும் பணம் வீண். மலைப்பாதை வளைவில் சக்கரம் இறுகினால் உயிருக்கே ஆபத்து. பழைய பிஸ்டனைப் படித்துக் காரணத்தைக் கண்டு, அதை நீக்கிய பின்னரே புதிய பிஸ்டனைப் போட வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம்.

டூ ஸ்ட்ரோக் என்ஜின் இயங்கும் விதம்

இவ்வகை என்ஜினில் வால்வு கிடையாது. சிலிண்டரின் சுவரில் உள்ள துளைகளைப் பிஸ்டனே மூடித் திறக்கிறது. பிஸ்டன் மேலே செல்லும்போது அதன் தலைக்கு மேலுள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை அழுத்தப்படுகிறது. அதே நேரத்தில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் கேஸ் அறைக்குள் புதிய கலவை இழுக்கப்படுகிறது. பிளக் பொறி விட்டதும் பிஸ்டன் கீழே தள்ளப்படுகிறது. முதலில் புகைத்துளை திறந்து எரிந்த புகை வெளியேறுகிறது. அடுத்துப் பக்கத் துளைகள் திறந்து கிராங்க் கேஸில் இருந்த புதிய கலவை மேலே பாய்கிறது. கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றும்போதெல்லாம் ஒரு முறை எரிதல் நிகழ்கிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகளை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஒன்று, கிராங்க் கேஸும் கலவை செல்லும் பாதையாகும். அதில் எங்கேனும் காற்று கசிந்து உள்ளே புகுந்தால் பெட்ரோலின் பங்கு குறைந்து கலவை மெலிந்துவிடும். மெலிந்த கலவை சூட்டோடு எரியும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரைப் பிடிக்கும்.

இரண்டு, ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் இருப்பது போல் அடியில் எண்ணெய்த் தொட்டி நின்று பிஸ்டனுக்கு எண்ணெய் தெளிப்பதில்லை. பெட்ரோலுடன் கலந்த டூ டி ஆயில் மட்டுமே பிஸ்டன், ரிங், பேரிங் ஆகிய அனைத்துக்கும் மசகு. 46 மி.மீ. சிலிண்டரும் 42 மி.மீ. வீச்சும் கொண்ட 70 சி.சி. என்ஜின் நிமிடத்துக்கு 5000 சுற்றுச் சுற்றும்போது பிஸ்டன் ஒரு நிமிடத்தில் 420 மீட்டர் தூரம் உரசி ஓடுகிறது. லிட்டருக்கு 20 மில்லி வீதம் எண்ணெய் கலந்து, லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் வண்டியில், அந்த 45 கி.மீ. தூரத்துக்கும் பிஸ்டனைக் காப்பது நான்கு தேக்கரண்டி எண்ணெய் மட்டுமே. அதுவும் பெட்ரோல் பாயும்போதுதான் பாயும்.

மலைப்பாதை செய்யும் கேடு

சமவெளியில் பல ஆண்டுகள் தாங்கும் பிஸ்டன் மலையில் விரைவில் தேய்வதற்குக் காரணங்கள் உண்டு.

ஏற்றத்தில் வண்டி மெதுவாகச் செல்லும். ஆனால் என்ஜின் முழு வேலை செய்யும். சிலிண்டரின் மேலுள்ள தகடுகளில் படும் காற்று குறைவு. ஆகையால் சூடு மிகும். தகடுகளுக்கு இடையில் சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைந்திருந்தால் சூடு இன்னும் ஏறும்.

இறக்கத்தில் நேர்வது வேறு. ஆக்சிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு, என்ஜின் பிடிப்பில் வண்டியை இறக்குவது வழக்கம். சக்கரம் என்ஜினை வேகமாகச் சுழற்றுகிறது. ஆனால் கார்பரேட்டர் மூடியிருப்பதால் பெட்ரோல் மிகக் குறைவாகவே செல்கிறது. பெட்ரோலுடன் வரும் எண்ணெயும் குறைந்துவிடுகிறது. பிஸ்டன் வேகமாக ஓடும்போதே மசகு வற்றுகிறது. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணிச் சாவியை அணைத்துவிட்டுக் கியரிலேயே இறக்குவோருக்கும் இதே கதிதான். ஆர்.எக்ஸ். 100 போன்று தனி எண்ணெய்ப் பம்பு உள்ள வண்டிகளில் இக்குறை சற்றுக் குறைவு. பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்றும் வண்டிகளில் மிகுதி.

உயரம் செல்லச் செல்லக் காற்று மெலிகிறது. 1000 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு குறையும். இதனால் மலைமேல் கலவையில் பெட்ரோல் மிகுந்து கரி படியும். இதைச் சரிசெய்வதாகக் கருதி மலைமேல் சிறிய ஜெட் போட்டுவிட்டு அதே வண்டியைக் கள்ளக்குறிச்சி வரை ஓட்டினால், கீழே கலவை மெலிந்து என்ஜின் பிடிக்கும். மேலும் கீழும் செல்லும் வண்டிக்கு உற்பத்தியாளர் கொடுத்த ஜெட்டே ஏற்றது.

கழற்றுமுன் சோதனை

வண்டி இழுக்கவில்லை என்றதும் ரிங் போய்விட்டது என்று முடிவு கட்டக் கூடாது. கீழ்க்கண்டவற்றை வரிசையாகப் பார்த்தல் வேண்டும்.

1. சைலன்சரைக் கழற்றிப் புகைத்துளையையும் சைலன்சரின் உட்குழலையும் பாருங்கள். கரி படிந்து துளை சுருங்கியிருந்தால் புகை வெளியேறாது. வண்டி இழுக்காமைக்குப் பல வேளைகளில் இதுவே காரணம். கரியை அகற்றினால் பிஸ்டன் செலவே இல்லாமல் போகலாம்.

2. காற்று வடிகட்டியைத் தூய்மை செய்யுங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள்.

3. பிளக்கைக் கழற்றிவிட்டு அழுத்தமானி வைத்து, ஆக்சிலேட்டரை முழுவதும் திறந்து ஏழெட்டு முறை உதைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள சிறு என்ஜின் பொதுவாக ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவுக்கு மேல் காட்டும். குறைவாக இருந்தால் பிளக் துளை வழியே ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி உதையுங்கள். அழுத்தம் நன்கு உயர்ந்தால் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்தவை. உயரவில்லை எனில் ஹெட் கேஸ்கெட்டில் கசிவு இருக்கலாம்.

4. புகையைக் கண்டு ஏமாற வேண்டாம். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் நீலப் புகை வந்தால் ரிங் தேய்ந்தது எனலாம். டூ ஸ்ட்ரோக்கில் அப்படிக் கூற இயலாது. இதில் எண்ணெய் எரிவது இயல்பே. அளவுக்கு மீறிக் கெட்டியான புகை வந்து, கியர் பெட்டியின் எண்ணெயும் குறைந்துகொண்டே போனால், அந்தப் பக்கத்து ஆயில் சீல் போய்விட்டது என்று பொருள்.

5. என்ஜின் சூடானதும் ஆக்சிலேட்டரை மூடிய பின்னும் இரைச்சல் இறங்காமல் நின்றால் காற்றுக் கசிவு என்று ஐயுறலாம். ஓடும்போது சிலிண்டரின் அடி இணைப்பிலும் கார்பரேட்டர் இணைப்பிலும் சோப்பு நீரைத் தடவுங்கள். ஓட்டம் மாறினாலோ குமிழி வந்தாலோ கசிவு அங்கே உள்ளது. மேக்னெட்டுக்குப் பின்புறம் எண்ணெய் ஈரம் கண்டால் அப்பக்கத்து ஆயில் சீலை மாற்ற வேண்டும்.

கழற்றும் முறை

என்ஜின் முற்றிலும் ஆறிய பின் தொடங்குங்கள். முதலில் வெளிப்புறத்தைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் கிராங்க் பேரிங் கெடும். பெட்ரோல் குழாயை மூடி, கார்பரேட்டர், சைலன்சர், பிளக் ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஹெட்டின் நட்டுகளை மூலைக்கு மூலை, ஒவ்வொன்றையும் கால் சுற்று வீதம் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் தளர்த்திவிட்டு மறுபக்கம் சென்றால் ஹெட் வளையும்.

ஹெட்டை எடுத்த பின் சிலிண்டரை நேராக மேலே தூக்குங்கள். ஒட்டியிருந்தால் மரச்சுத்தியால் மெல்லத் தட்டலாம். தகடுகளுக்கு இடையில் திருப்புளியை விட்டு நெம்பக் கூடாது. சிலிண்டர் சிறிது மேலே வந்ததும், பிஸ்டனைச் சுற்றிக் கிராங்க் கேஸ் வாயில் சுத்தமான துணியை அடைத்துவிடுங்கள். பிஸ்டன் பின்னின் லாக் வளையம் துள்ளி உள்ளே விழுந்தால் முழு என்ஜினையும் பிரிக்க நேரிடும்.

லாக் வளையத்தை எடுத்துப் பின்னை விரலால் தள்ளுங்கள். இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பிஸ்டன்மேல் சுற்றிச் சற்றுநேரம் வைத்தால் எளிதில் வரும். சுத்தியால் அடித்தால் கனெக்டிங் ராடு வளையும்.

இங்கே ஒரு முக்கியமான சோதனை உண்டு. கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது ஆட்டம் இருப்பது இயல்பு. மேலும் கீழுமாக ஆட்டம் சிறிதும் இருக்கக் கூடாது. இருந்தால் கிராங்கின் பெரிய பேரிங் தேய்ந்துவிட்டது. அந்நிலையில் மேலே எவ்வளவு செலவு செய்தாலும் பயனில்லை. வேலையை அங்கேயே நிறுத்தி, கிராங்க் வேலையையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

பழைய பிஸ்டன் கூறும் செய்தி

கழற்றிய பிஸ்டனைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள். பயிரின் இலையைப் பார்த்துச் சத்துக் குறைவை அறிவது போல, பிஸ்டனைப் பார்த்து என்ஜினின் நோயை அறியலாம்.

பிஸ்டனின் புகைத்துளைப் பக்கம் மட்டும் நெடுங்கோடுகளாக உராய்ந்திருந்தால் மசகுக் குறைவும் மிகுந்த சூடும் காரணம். எண்ணெய்க் கலவை அளவையும் இறக்கத்தில் ஓட்டும் முறையையும் சரிபார்க்க வேண்டும்.

பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் உராய்ந்திருந்தால், பிஸ்டன் சிலிண்டரைவிட வேகமாக விரிந்துள்ளது. சிலிண்டர் போர் இறுக்கமாகப் போடப்பட்டிருக்கலாம். அல்லது ஓடிப் பழகுமுன் முழுச் சுமை ஏற்றியிருக்கலாம்.

கலவை நுழையும் பக்கம் மணல் தேய்த்தது போல் மங்கலாக இருந்தால் தூசி உள்ளே போகிறது. காற்று வடிகட்டி கிழிந்துள்ளது. அல்லது வடிகட்டிக்கும் கார்பரேட்டருக்கும் இடையேயுள்ள ரப்பர் குழல் வெடித்துள்ளது.

பிஸ்டன் தலை உருகியோ துளைபட்டோ இருந்தால் கலவை மிகவும் மெலிந்துள்ளது. காற்றுக் கசிவு, பெட்ரோல் குழாய் அடைப்பு, தவறான பிளக், முன்கூட்டி விழும் பொறி ஆகியவற்றுள் ஒன்று காரணம்.

தலையில் தடித்த, ஈரமான கரி இருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ மிகுதி. ரிங்குக்குக் கீழே பழுப்பு நிறம் படர்ந்திருந்தால் ரிங் கரியில் ஒட்டிக்கொண்டு, எரிந்த புகை கீழே கசிந்துள்ளது.

கண்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். காரணம் கண்டறியப்படும் வரை புதிய பிஸ்டனை வாங்கச் செல்ல வேண்டாம்.

அளந்து பார்த்தல்

ரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா, சிலிண்டருக்குப் போரிங் போட வேண்டுமா என்பதை அளவுதான் முடிவு செய்ய வேண்டும்.

சிலிண்டர் சுவரில் விரல் நகத்தை மேலிருந்து குறுக்காக இழுத்துப் பாருங்கள். கோட்டில் நகம் மாட்டினால் போரிங் தவிர வேறு வழியில்லை.

ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்துப் பிஸ்டன் தலையால் நேராக 2 செ.மீ. ஆழம் தள்ளி, அதன் வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜால் அளக்க வேண்டும். சிறு என்ஜின்களில் புதிய ரிங்குக்கு இது ஏறத்தாழ 0.15 முதல் 0.35 மி.மீ. வரை இருக்கும். 0.7 மி.மீ. தாண்டிவிட்டால் ரிங் பயன்படாது. புதிய ரிங்கை வைத்து அளந்தும் இடைவெளி மிகுதியாக இருந்தால், தேய்ந்தது சிலிண்டர்தான்.

சிலிண்டரின் விட்டத்தை மேல், நடு, அடி ஆகிய மூன்று இடங்களிலும், ஒவ்வோர் இடத்திலும் இரண்டு திசைகளிலும் அளக்கச் சொல்லுங்கள். மேலுக்கும் அடிக்கும் உள்ள வேறுபாடு 0.05 மி.மீ. தாண்டினாலோ, பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே 0.10 மி.மீ. தாண்டினாலோ போரிங் போட வேண்டும். உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

போரிங் போடுவதற்கு முன் சிலிண்டரின் உட்சுவரில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்புச் சுவர். போரிங் போடலாம். ஒட்டாவிட்டால் அது கடினப் பூச்சுக் கொடுத்த அலுமினியச் சுவர். போரிங் போட்டால் பூச்சு போய்விடும். சிலிண்டரையே மாற்ற வேண்டும்.

போரிங் பட்டறையில் கேட்க வேண்டியவை

கள்ளக்குறிச்சி, ஆத்தூர் போன்ற ஊர்களில் உள்ள பட்டறைக்குச் செல்லும்போது முதலில் பிஸ்டனை வாங்கி, அதைச் சிலிண்டருடன் சேர்த்துக் கொடுங்கள். பிஸ்டனை அளந்து, அதற்கேற்பத்தான் போர் போட வேண்டும். போரைப் போட்டுவிட்டுப் பிஸ்டன் தேடுவது தவறு. மிகையளவுப் பிஸ்டன்கள் பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்ற படிகளில் கிடைக்கும். சேதம் போகும் அளவுக்கு மிகக் குறைந்த படியைத் தேர்ந்தால், சிலிண்டர் இன்னொரு முறைக்கும் பயன்படும்.

போரிங் போட்டால் வண்டியின் வேகம் கூடும் என்ற எண்ணம் சிலரிடம் உண்டு. 46 மி.மீ. சிலிண்டரை 46.50 ஆக்கினால் 69.8 சி.சி. என்பது 71.3 சி.சி. ஆகிறது. ஒன்றரை சி.சி. கூடுவதால் உழவருக்கு ஒன்றும் கிட்டாது. சிலிண்டரை மீண்டும் வட்டமாக்குவதே போரிங்கின் நோக்கம்.

பட்டறையில் மூன்றைக் கேட்டுப் பெறுங்கள். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே கையேடு கூறும் இடைவெளி விட வேண்டும். இரும்புச் சுவருள்ள 50 மி.மீ. அளவுச் சிலிண்டர்களில் இது ஏறத்தாழ 0.04 முதல் 0.05 மி.மீ. இருக்கும். போரிங்குக்குப் பின் ஹோனிங் செய்து, சுவரில் குறுக்குமறுக்கான மெல்லிய கோடுகள் தெரிய வேண்டும். அக்கோடுகளில்தான் எண்ணெய் தங்கும். துளைகளின் கூர் விளிம்புகளைச் சிறிது மழுக்கித் தர வேண்டும். இல்லையேல் ரிங் துளையில் மாட்டி உடையும்.

சிலிண்டர் வந்ததும் வெந்நீரும் சோப்பும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோலால் துடைத்தால் சாணைத்தூள் சுவரிலேயே தங்கிவிடும். வெள்ளைத் துணியால் துடைத்துத் துணி கறுக்காத வரை கழுவிவிட்டு, உடனே எண்ணெய் தடவுங்கள்.

மீண்டும் பொருத்துதல்

ஹெட்டிலும் புகைத்துளையிலும் உள்ள கரியை மரச்சீவல் கொண்டு சுரண்டுங்கள். ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் நைசான உப்புத்தாளை விரித்து, ஹெட்டை எட்டு வடிவில் மெல்லத் தேய்த்தால் தளம் சமமாகும். பின்பு நன்கு கழுவிவிட வேண்டும்.

அடி கேஸ்கெட், ஹெட் கேஸ்கெட், லாக் வளையங்கள் ஆகியவற்றைப் புதிதாகவே போட வேண்டும். இவற்றில் மிச்சம் பிடிப்பது நன்றன்று. பிஸ்டன் பின் பேரிங்கிலும் நீலம் பாரித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி புகைத்துளைப் பக்கம் நோக்க வேண்டும். லாக் வளையத்தின் வாய் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ இருக்கட்டும். பள்ளத்தில் நன்கு அமர்ந்ததா என்று திருகிப் பாருங்கள். ரிங்கில் எழுத்துள்ள முகம் மேலே வர வேண்டும். ரிங் பள்ளத்தில் ஒரு சிறு முள் உண்டு. ரிங்கின் வாய் அம்முள்ளின் மேல் சரியாக அமர வேண்டும். இதில் தவறினால் முதல் உதையிலேயே ரிங் முறியும்.

பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் டூ டி ஆயில் தடவி, ரிங்கை விரல்களால் அழுத்திப் பிடித்துச் சிலிண்டரை நேராக இறக்குங்கள். திருகி இறக்கக் கூடாது. தடை தெரிந்தால் அழுத்தாமல் மீண்டும் தூக்கிப் பாருங்கள். அடைத்த துணியை எடுக்க மறவாதீர்கள். கிராங்கைக் கையால் சில சுற்றுச் சுற்றி, எங்கும் தட்டாமல் ஓடுகிறதா என்று உணர்ந்த பின் ஹெட்டை வைத்து, நட்டுகளை மூலைக்கு மூலை மூன்று தவணையாக இறுக்குங்கள். முதல் முறை ஓட்டி ஆறிய பின் ஒருமுறை மீண்டும் இறுக்கிச் சோதிக்க வேண்டும்.

எண்ணெயும் பெட்ரோலும்

கலவை முறை வண்டிகளுக்கு லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 2 விழுக்காடு, என்பது பொதுவான அளவு. புதிய பிஸ்டன் பழகும் முதல் 500 கி.மீ. வரை 30 மில்லி கலக்கலாம். அளவுக் குடுவையால் அளந்து, தனிக் கலத்தில் நன்கு குலுக்கிய பின் ஊற்ற வேண்டும். டப்பாவில் எஃப்.சி. என்ற தர எழுத்து உள்ள எண்ணெயை வாங்குங்கள். பழைய என்ஜின் ஆயிலைக் கலப்பது பிஸ்டனுக்கு நஞ்சிடுவது போலாகும்.

எண்ணெயைக் கூடுதலாக ஊற்றினால் என்ஜினுக்குப் பாதுகாப்பு என்பதும் தவறு. ஜெட் வழியே செல்வது ஓர் அளவுதான். அதில் எண்ணெயின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும். கலவை மெலிந்து சூடு ஏறும். கரியும் படியும்.

இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் சேர்க்கப்படுகிறது. எத்தனாலில் பிராணவாயு இருப்பதால், பழைய கார்பரேட்டர் வண்டியில் கலவை சற்று மெலியும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். பழைய ரப்பர் குழாய்களையும் சீல்களையும் கெடுக்கும். ஆகவே இவ்வேலையின்போதே பெட்ரோல் குழாயையும் கார்பரேட்டரின் ரப்பர் பாகங்களையும் மாற்றிவிடுவது நலம். மழைக்காலத்தில் எண்ணெய் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் சேமித்து வைக்க வேண்டாம்.

ஓட்டிப் பழக்குதல்

முதல் முறை நான்கைந்து நிமிடம் ஓடவிட்டு, முற்றிலும் ஆறவிடுங்கள். இவ்வாறு மூன்று முறை செய்யுங்கள். முதல் 500 கி.மீ. வரை ஆக்சிலேட்டரைப் பாதிக்கு மேல் நெடுநேரம் திறக்காமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள்.

மலைவாழ் உழவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. வீட்டை விட்டு இறங்கினாலே மலைப்பாதைதான். ஆகவே முதல் சில நாட்கள் கரியாலூர், வெள்ளிமலை போன்ற மலைமேல் ஊர்களுக்கு இடையிலேயே, சுமையின்றி, ஒருவராக ஓட்டுங்கள். கீழே செல்ல நேர்ந்தால், திரும்பி ஏறும்போது வழியில் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

இறக்கத்தில் பிரேக்கையும் சேர்த்துப் பயன்படுத்தி வேகத்தைக் குறைத்து, நேரான இடங்களில் அவ்வப்போது ஆக்சிலேட்டரைச் சிறிது திறந்து மூடுங்கள். பெட்ரோலுடன் எண்ணெயும் பிஸ்டனுக்குச் சென்றுவிடும். செலவில்லாத இந்தப் பழக்கம் ஒன்றே பிஸ்டனின் ஆயுளைக் கூட்டும்.

ஏறும்போது ஆக்சிலேட்டர் மாறாமல் வேகம் தானாகக் குறைந்தாலும், தகரம் அதிர்வது போன்ற ஒலி வந்தாலும், என்ஜின் பிடிக்கப் போகிறது என்று அறிக. கிளட்ச் உள்ள வண்டியில் உடனே கிளட்சைப் பிடியுங்கள். கிளட்ச் பிடி இல்லாத வண்டியில் ஆக்சிலேட்டரை மூடி ஓரமாக நிறுத்துங்கள். அரை மணி நேரம் நிழலில் ஆறவிடுங்கள். சூடான சிலிண்டர்மேல் தண்ணீர் ஊற்றினால் வெடித்துவிடும்.

விசைத் தெளிப்பான் வைத்திருப்போருக்கு

முதுகில் சுமக்கும் விசைத் தெளிப்பான்களிலும், புல் வெட்டும் கருவிகளிலும் இவ்வகைச் சிறு என்ஜின்களே மிகுதி. பிஸ்டனைப் படிப்பது, ரிங்கை அளப்பது, சுத்தம் பேணுவது ஆகிய அனைத்தும் அவற்றுக்கும் பொருந்தும். எண்ணெய் அளவு மட்டும் கருவிக்குக் கருவி மாறுபடும். அதன் கையேட்டில் உள்ள அளவையே கலக்க வேண்டும். வண்டிக்குக் கலந்ததை அப்படியே ஊற்றிவிடக் கூடாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. முதலில் புகைத்துளை, சைலன்சர், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பாருங்கள்.

2. கனெக்டிங் ராடில் மேல்கீழ் ஆட்டம் இருந்தால் மேல்வேலை மட்டும் செய்ய வேண்டாம்.

3. பழைய பிஸ்டனில் காரணத்தைக் கண்டு, அதை நீக்குங்கள்.

4. பிஸ்டனை வாங்கிய பின் போர் போடுங்கள்.

5. எண்ணெயை அளந்து கலங்கள்.

6. இறக்கத்தில் பிஸ்டனுக்கு எண்ணெய் கொடுங்கள்.

பிஸ்டனும் ரிங்கும் கடையில் கிடைக்கும். அவை ஏன் கெட்டன என்ற விடை நம் கையில் உள்ள பழைய பிஸ்டனில்தான் இருக்கிறது. அதை ஒரு கால் மணி நேரம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பின்னரே பட்டறைக்குச் செல்லும் உழவர், அடுத்த அறுவடையிலும் தம் மூட்டையை அதே வண்டியில் அச்சமின்றி இறக்குவார்.